பெரியாஸ்பத்திரியில் நானும் ஒச்சப்பனும்

மதுரை வெற்றிலைப் பேட்டையில் ஏலம் கூறுவது என் தொழில். சோழவந்தான் கொடிக்கால்களிலிருந்து விடிகாலை ரயிலில் வெற்றிலைக் கட்டுகள் வந்து இறங்கும். ஈரச் சாக்கை அவிழ்த்து, மேலாக ஒரு கவுளி வெற்றிலையைத் தூக்கிப் பிடித்து நான் குரல் கொடுத்தால், மண்டியின் கடைசி மூலையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். இபுராகிம் ராவுத்தர் என்பது என் பெயர். பேட்டையில் அதைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கூவல் ராவுத்தர் என்றால் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. போனது எனக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் எப்போதும்போலத்தான் கூவிக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நெருங்கி நிற்க ஆரம்பித்தார்கள்.

"என்ன ராவுத்தரே, ரகசியம் பேசுறீங்க? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்றான் ஒரு சில்லறைக் கடைக்காரன்.

வீட்டிலும் அதே கதை. எதைச் சொன்னாலும் என் மனைவி மைமூன் திரும்ப ஒருமுறை கேட்பாள். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு கட்டி, ஹக்கீமிடம் கேட்டு அவளுக்குக் காதுத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன். பாவம், அவளும் சில நாள் போட்டுக்கொண்டாள்.

பிறகு வலது கை. சும்மா இருக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசிக்கொள்ளும், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி. எதையாவது பிடித்தால் நின்றுவிடும். வேலை செய்கிறவனுக்கு இது ஒரு நோயா என்று விட்டுவிட்டேன். தோள் இறுகியது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. நடக்கும்போது வலது கை வீசுவதில்லை என்று மைமூன்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். தர்காவில் ஓதிப் பார்த்தோம். ஹக்கீம் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். நீவும்போது சுகமாக இருந்தது. அவ்வளவுதான்.

இதெல்லாம் என் உடம்போடு போயிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவே மாட்டேன். என் மகள் நூர்ஜஹானைப் பார்க்க மேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். பையன் தோல் கடையில் கணக்கு எழுதுகிறவன், அடக்கமாகப் பேசினான். அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்துப் பேசி அனுப்பினேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் மைமூனின் அண்ணன் வழியாகப் பதில் வந்தது. பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஈயாடவில்லை, அவருக்கு இஷ்டமில்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று பையனைப் பெற்ற அத்தா சொல்லிவிட்டாராம்.

அன்று மைமூன் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிடிக்கலேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? வந்தவுகள வச்சுக்கிட்டா அப்படி மூஞ்சியக் காட்டுறது?"

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு மைமூன். சிரிச்சுத்தானே பேசுனேன்?"

"யாரு, நீங்களா? நீங்க சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எம்மேலதான் என்னமோ வெறுப்பு, கெடக்கட்டும்னு விட்டேன். புள்ள என்ன பாவம் செஞ்சா?"

நான் உள்ளே போய் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். சிரித்துப் பார்த்தேன். மனசுக்குள் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குள் இருந்த ஆள் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். உதட்டோரம் ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. கண் இமைகூட அடிக்கடி மூடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் காலையில் ஜட்கா வைத்துக்கொண்டு இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

வராந்தாவில் ஏகக் கூட்டம். எங்கள் முறை வருவதற்கு முன்னமே, அறை வாசலில் நின்றிருந்த டாக்டர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பானையண்டை போய்விட்டு நான் திரும்பியபோது கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஞானப்பிரகாசம் என்று பெயர். நாற்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி.

"அந்தச் சுவர் வரைக்கும் போங்க. திரும்பி வாங்க. இன்னொரு தடவை" என்றார்.

நடந்தேன். திரும்பும் இடத்தில் பொம்மை திரும்புகிற மாதிரி உடம்பு மொத்தமும் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பியது. பேரை எழுதச் சொன்னார். முதல் எழுத்து ஒழுங்காக வந்தது. போகப் போக எழுத்து சிறுத்து, கடைசியில் எறும்பு மாதிரி ஆகிவிட்டது. என் முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். நேராக நீளாமல் கடக் கடக்கென்று தடங்கித் தடங்கி நீண்டது.

"பல்சக்கரம் சுத்துற மாதிரி இருக்கு பாருங்க. இதுதான் எனக்கு வேணும்" என்றார். பிறகு என் புருவ நடுவில் விரலால் மெல்லத் தட்டினார். சாதாரண ஆளுக்கு நாலைந்து தட்டுக்குப் பிறகு இமை அடங்கிவிடுமாம். எனக்குத் தட்டத் தட்ட இமைத்துக்கொண்டே இருந்தது.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். முதுகெலும்பு நடுவில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். வலி அதிகமில்லை, பின்னால் வந்த தலைவலிதான் ஆளை அடித்துப் போட்டது. பெண் சகவாசத்தால் வருகிற மேகநோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் மெட்ராஸுக்குப் போகிறது என்று நர்ஸம்மா மைமூன் காதுபடவே சொல்லிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மைமூன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரே கூப்பிட்டு, "இன்னும் சில நோய் இதே மாதிரி வேஷம் போடும். அது இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். ராவுத்தரைச் சந்தேகப்பட்டு இல்ல" என்று அவளுக்கு விளக்கினார். முடிவு சுத்தமாக வந்தது. அதைக் கேட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை வைத்துத்தான் அத்தனை நாளும் அவள் எதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு டாக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் நோயைச் சொன்னார்.

"நம்ம வைத்தியர்கள் நடுக்குவாதம்னு சொல்லுவாங்க. புஸ்தகத்துல பார்க்கின்சன் வியாதின்னு பேரு. கையிலயோ காலிலயோ கோளாறு இல்ல. மூளைக்கு அடியில கறுப்பா ஒரு சின்னத் திட்டு இருக்கு. உடம்பை இளக்கிவிடுற வேலை அங்கேருந்துதான் நடக்குதுன்னு இப்ப நினைக்கிறோம். இந்த நோய்க்காரங்களுக்கு அந்தத் திட்டு கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துப்போகுது. அதனால உடம்பு இறுகுது, குரல் இறங்குது, முகம் அசையாமப் போகுது."

"ஏன் வெளுக்குது?" என்றேன்.

"அது யாருக்கும் தெரியாது. பல வருஷத்துக்கு முந்தி தூக்கம் தூக்கமா வந்து படுக்கப் போட்ட காய்ச்சல் ஏதாவது உண்டா?"

பெரிய காய்ச்சல் வந்த காலத்தில் தெருவே படுத்துக் கிடந்தது, நானும் படுத்தேன், எழுந்தேன் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்.

மைமூன் கேட்டாள், "குணமாயிருமா, ஐயா?"

"குணமாகாது, அம்மா. இளக்கி வைக்கலாம். மெதுவாப் போகும்படி பாத்துக்கலாம்."

இந்த மாதிரி நேரடியாக எந்த வைத்தியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மைமூன் தலையை ஆட்டினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவள் என் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "எம்மேல வெறுப்பு இல்லையே?" என்று குனிந்து கேட்டாள். "இல்ல" என்றேன். "அது போதும். நாளைக்கு ரசம் கொண்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி நிலம் வைத்திருக்கிற விவசாயி. அறுபதைத் தாண்டியவர். அவருக்கும் இதே நோய், ஆனால் என்னைவிட முற்றியது. இரண்டு கையும் ஓயாமல் ஆடும். கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தால் பாதி மார்பில்தான். நான் வந்த அன்றே விசாரித்தார்.

"பாயி எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"நம்ம பக்கம் உங்க ஆளுகள மாமன் மச்சான்னுதேன் கூப்புடுறது. நீ சின்னவன், எனக்கு மாப்ள. செரித்தானே?"

அதிலிருந்து நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மாமா.

அவருக்கு வாசற்படிதான் எதிரி. வார்டுக்குள் நன்றாக நடப்பார். படியண்டை வந்ததும் இரண்டு காலும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளினால் விழுவார். ஒரு நாள் கக்கூஸுக்குப் போகிற வழியில் அப்படி நின்றவர், பொறுக்க முடியாமல், உழவு மாட்டை அதட்டுகிற மாதிரி "ஹை, இந்தா, ஏ மயிலே, போ" என்று குரல் கொடுத்தார். கால் எழும்பிவிட்டது. படியைத் தாண்டிப் போய்விட்டார். வார்டு முழுக்கச் சிரித்தது. டாக்டருக்குச் செய்தி போய், ஓடி வந்து திரும்பத் திரும்ப அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மாட்டை அதட்டினால் கால் எழும்பியது.

"இது எப்படி, ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியல ராவுத்தர். தானா வர வேண்டிய நடை வராதப்ப, வேற வழியா அதைக் கூப்பிட்டுக்கிறாரு போல. ஆனா நடக்குது. நடக்குறதை எழுதி வச்சுடணும்."

அப்போதுதான் அவர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம் ஜனங்களுக்கு அபூர்வம் என்று அவர் படித்த புஸ்தகத்தில் இருந்ததாம். "அபூர்வமெல்லாம் இல்ல. வயசாயிருச்சு, நடுங்குதுன்னு சொல்லி வீட்டு மூலையில உக்கார வச்சுடுறோம். ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டு வாரா?" என்றார். மதுரையிலும் சுற்றுப்பட்டிலும் தாம் பார்த்த நோயாளிகளை ஒவ்வொருவராக எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒச்சப்பனும் நானும் உண்டு.

மருந்து ஆரம்பித்தார்கள். கறுப்பாக, கசப்பாக ஒரு தண்ணீர். எதிலிருந்து எடுப்பது என்று ஒச்சப்பன் கம்பவுண்டரைக் கேட்டார். ஊமத்தை என்று பதில் வந்தது.

"ஊமத்தையா? எங்க காட்டுல வேலியோரம் மண்டிக் கெடக்கு. ஆடுகூட வாய் வைக்காது. அதுக்கா நா வண்டி கட்டி இம்புட்டு தூரம் வந்தேன்?"

மைமூனுக்கு உண்மையிலேயே பயம். ஊமத்தை தின்றால் புத்தி கலங்கும் என்று அறியாதவர் யார்? டாக்டர் அவளிடம் மறைக்கவில்லை. கலங்கும்தான், அளவோடு கொடுத்தால் இறுக்கத்தை விடுவிக்கும், அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் வார்டில் வைத்திருக்கிறேன் என்றார்.

முதலில் வாய் வறண்டது. இத்தனை நாள் கடைவாயில் எச்சில் ஒழுகித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தவன் நான். அது நின்றது. கண் மங்கி, குர்ஆன் எழுத்துக் கலங்கித் தெரிந்தது. மலம் இறுகியது. ஆனால் ஒரு விடியற்காலை நான் தானாகவே புரண்டு படுத்தேன். படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. படுத்தால் படுத்தபடி மரக்கட்டையாகக் கிடப்பது இந்த நோயின் பெரிய கொடுமை. வீட்டில் மைமூன் தினமும் ராத்திரியில் எழுந்து என் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்பிவிடுவாள். மறுநாள் அதை ஒரு சொல் சொல்ல மாட்டாள். அன்று அவள் வந்ததும், "நானே பொரண்டேன்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, கொண்டுவந்த பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அளவைக் கூட்டியபோது கெட்ட நாட்களும் வந்தன. ஒரு பிற்பகல் எதிர்ச் சுவரில் வெற்றிலைக் கொடி படர்வதைப் பார்த்தேன். தளதளவென்று இலை விட்டுக்கொண்டே போனது. தண்ணீர் விடாமல் போட்டிருக்கிறார்களே என்று வார்டு ஆளைச் சத்தம் போட்டேன். செத்துப்போன என் அத்தா கட்டில் காலடியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரோடு பேசினேன். எழுந்து போகப் பார்த்த என் மணிக்கட்டை ஒச்சப்பன் தன் ஆடுகிற கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஆடிய ஆட்டத்தில் என் கையும் ஆடியது எனக்கு நினைவிருக்கிறது.

"மாப்ள, அங்கிட்டு ஒண்ணுமில்ல. எம் மூஞ்சியப் பாரு. என்னயத் தெரியுதா?"

"மாமா" என்றேன்.

"அம்புட்டுத்தேன். இப்படியே இரு. டாக்டரு வாராரு."

டாக்டர் வந்து மருந்தை நிறுத்தினார். கலக்கம் தெளிந்த பிறகு, குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். அந்த அளவுதான் இன்று வரை.

இதற்கிடையே மைமூன் தன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி மேலூருக்கு அனுப்பியிருந்தாள். ஒரு நாள் பையனின் அத்தா ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நோயின்னு தெரியாமப் போச்சு, ராவுத்தரே. நான் தப்பா நெனச்சுட்டேன்."

"என் மகளுக்கு உங்க வீடு கெடைச்சா எனக்குச் சந்தோசம். மூஞ்சில தெரியாது. வாயால சொல்லுறேன்" என்றேன்.

காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் டாக்டர் தாம் எழுதியதை எடுத்துக்கொண்டு வந்தார். நோய் வந்த விவரமெல்லாம் சரியா என்று பார்க்க, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மைமூன் பக்கத்தில் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். குரல், கை, நடை எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில், "இவருக்கு உணர்ச்சிகள் மங்கிவிட்டன. தம் நிலையைப் பற்றிக் கவலை இல்லாதவராகக் காணப்படுகிறார்" என்று வாசித்தார்.

நான் வாய் திறக்குமுன் மைமூன் பேசினாள்.

"ஐயா, அது அப்படி இல்ல."

"எதும்மா?"

"மங்கிருச்சுன்னு சொன்னீங்களே, அது. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு ரெண்டு வருசம் அழுதேன். எல்லாம் உள்ளுக்குள்ள அப்படியே இருக்கு. இப்பல்லாம் நான் மூஞ்சியப் பாக்குறதில்ல. கோவமா, வலியா, சந்தோசமான்னு கேட்டுப்புடுவேன். கேட்டா சொல்லுவாக."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். என் பக்கம் திரும்பினார். அத்தனை நாள் என் உடம்பில் தட்டாத இடமில்லை, மடக்காத மூட்டில்லை. ஆனால் அன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ராவுத்தர், பயமா இருக்கா?"

"இருக்கு, ஐயா."

"எதை நினைச்சு?"

"மகளுக்கு நிக்காஹ் செஞ்சு வைக்கணும். சபையில பொண்ணோட அத்தா நான்தான் வாயால சொல்லிக் கொடுக்கணும். என் சத்தம் யாருக்கும் கேக்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு. அதுக்கப்புறம் படுத்த படுக்கையாகி இவளுக்குப் பாரமா ஆயிருவேனோன்னு பயம். சொல்லுறதுக்கு என்ன, தினம் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் முகத்தைப் பாத்து எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அடித்தார். பிறகு ஒச்சப்பன் பக்கம் ஸ்டூலை நகர்த்தி அவரையும் கேட்டார். ஒச்சப்பனுக்குத் தம் சாவைப் பற்றிக் கவலை இல்லை. மயிலைக் காளைக்கு வயதாகிறது, மகன் அதை விற்றுவிடுவானோ என்றுதான் கவலை. டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

டாக்டருக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. ரொம்பத் தயங்கித்தான் கேட்டார். அந்தக் கறுப்புத் திட்டு நம் ஜனங்களுக்கும் வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் நிச்சயமாக எழுத முடியும். அதை உயிர் போன பிறகுதான் பார்க்க முடியும்.

"எனக்கு வேணாம், ஐயா. எங்களுக்கு மய்யித்தை அறுக்கக் கூடாது" என்றேன்.

"கட்டாயமே இல்ல" என்றார் உடனே.

ஒச்சப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எனக்கப்புறம் நம்ம பக்கத்து ஆளுக இன்னும் எத்தன பேரு இப்படி ஆடிக்கிட்டு வருவாகளோ. பாத்துக்கங்க சாமி. பாத்துட்டு நல்லாத் தச்சு அனுப்பிருங்க. எம் மகன்ட்ட நானே சொல்லிப்புடுறேன்."

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. முழுங்கும்போது கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல். மகன் கருப்பன் ஊரிலிருந்து வந்து காலடியில் உட்கார்ந்திருந்தான். கடைசி நாள் மத்தியானம் ஒச்சப்பனின் கைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. தூக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் என்று நினைத்தேன். கருப்பன் எழுந்து நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதும்தான் புரிந்தது.

டாக்டர் அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தவன் என்னிடம், "எங்கய்யா சொன்னதுதேன் மாமா. ஆனா ஊருல என்னய என்ன சொல்லுவாகன்னு தெரியல" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் ஒழுங்காகத் தைத்து, தலையில் வெள்ளைத் துணி சுற்றி, உடலைக் கொடுத்தார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டு போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு காலியாகிவிட்ட அந்தக் கட்டில் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நூர்ஜஹானின் நிக்காஹ் அடுத்த மாசமே நடந்தது. மைமூனின் அண்ணன், "உங்க சார்பா பேசுற வக்கீலா என்னை வைங்க, நான் சொல்லிடுறேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். மருந்து வேலை செய்கிற நேரமாகப் பார்த்து முகூர்த்தம் வைத்தோம். சபை நிறைந்திருந்தது. நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் என்னைப் பார்த்ததும் நான் மூச்சை இழுத்து, "என் மகள் நூர்ஜஹானை" என்று ஆரம்பித்தேன். பேட்டையில் கூவியதில் கால்வாசிகூட இல்லை. பின்வரிசையில் யாரோ பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேலூர்க்காரர் கையை உயர்த்திக் குழந்தைகளை அமர்த்தினார். சபையே மூச்சுக் காட்டாமல் இருந்தது. நான் சொல்லி முடித்தேன். பையன் கேட்டு, ஏற்றுக்கொண்டேன் என்றான். திரைக்குப் பின்னால் இருந்த மைமூனுக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மறு வருஷம் டாக்டர் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போகுமுன் வீடு தேடி வந்தார். கட்டுரை வெளியான சஞ்சிகையில் ஒரு பிரதியைக் கொடுத்தார். எங்கள் பெயரெல்லாம் அதில் கிடையாது. என்னைப் பற்றிய இடத்தில், முகம் அசைவதில்லை, ஆனால் எல்லா உணர்ச்சியும் முன்போல் இருக்கிறது, நோயாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இதை அவர் மனைவி தெரிவித்தார் என்று இருந்தது. மைமூன் அந்த வரியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒச்சப்பனின் இடத்தையும் டாக்டர் தமிழில் சொன்னார். விவசாயி, அறுபது வயதுக்கு மேல், இரண்டு கையிலும் நடுக்கம், வாசற்படியில் கால் நின்றுவிடும், உழவு மாட்டை அதட்டும் குரல் கொடுத்தால் தாண்டுவார், நுரையீரல் ஜுரத்தில் மரணம், மூளையின் கரும்பகுதி வெளுத்திருந்தது. அந்த இடத்தில் எனக்காகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

தை மாசம் கருப்பன் வந்தான். அவரைக்காய் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தான். ஊரில் கொஞ்ச நாள் பேசினார்களாம், பிறகு விட்டுவிட்டார்களாம். மயிலையை விற்கவில்லை என்றான். சஞ்சிகையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இதுல எங்கய்யா எங்கன இருக்காரு, மாமா?"

பென்சில் கோட்டைக் காட்டினேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெல்ல நகர்த்தினான்.

"இம்புட்டுத்தேனா?"

"அவ்வளவுதான் எழுதுவாக, மாப்ள. இது டாக்டர்மாருக்கு."

"பேரு?"

"பேரு போடமாட்டாக."

அவன் புஸ்தகத்தை மூடிக் கொடுத்தான். அன்று அவனைச் சாப்பிட வைத்து, அவன் அய்யாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்ததை, ஊமத்தைக்கு அவர் அடித்த நையாண்டியை, முதல் நாளே என்னை மாப்ளையாக்கிக்கொண்டதை. குரல் இறங்கும்போது அவன் நகர்ந்து கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டான். இடையில் ஒரு முறை சிரித்தான். பொழுது சாயும்போது, "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலை மருந்து குடித்துவிட்டு, கை இளகும் வரை காத்திருந்தேன். எழுத்து சிறுத்துப் போகாமலிருக்க மைமூன் தாளில் அகலக் கோடு போட்டுக் கொடுத்தாள். இந்த விவரங்களை எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால், மேல் கோட்டில், ஒச்சப்பன் என்று எழுதினேன். கடைசி எழுத்து கொஞ்சம் சிறிதாகத்தான் விழுந்தது. ஆனால் படிக்க முடிகிறது.